வெளிநாட்டு நிருபர் பேச வந்தால் எதைக் கேட்பது?

பெய்ஜிங்கில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பிய ஒரு பத்திரிகையாளர் உங்கள் ஊர் நூலக அரங்கில் பேசப் போகிறார், தலைப்பு ‘வெளிநாட்டில் வாழ்க்கை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அரசியலைத் தொடாமல் வீடு, சாப்பாடு, குளிர் என்று பயணக் கதையாகவே முடிந்துவிடுமோ என்பது உங்கள் தயக்கம். போனால் என்ன கேட்கலாம், பத்திரிகையாளராக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும் மகளையும் கூட்டிப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கண்டிப்பாகப் போங்கள். தலைப்பு அப்படி இருப்பதாலேயே போங்கள். ஒரு நாளிதழில் வெளிநாட்டுச் செய்தி டெஸ்க்கில் வேலை பார்த்தவன் நான். தூர தேசத்திலிருந்து வரும் செய்தியை வெட்டி, ஒட்டி, தலைப்புப் போட்டு அனுப்பும் வேலை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்றுதான். நிருபர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார், அவருடைய விசாவை யார் புதுப்பிக்கிறார்கள், காய்கறிக் கடைக்காரரோடு எந்த மொழியில் பேசுகிறார், அவருக்காக யார் போன் போட்டு விசாரித்துச் சொல்கிறார் என்பதெல்லாம் சேர்ந்துதான் காலையில் நாம் படிக்கும் செய்தியைத் தீர்மானிக்கிறது. அதையெல்லாம் பத்திரிகையில் எழுத இடம் கிடைக்காது. மேடையில்தான் சொல்ல முடியும்.

இதற்கு 1933-இல், அப்போது சோவியத் நாட்டின் பகுதியாக இருந்த உக்ரைனில் வந்த பஞ்சத்தைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து கிடையாது. அப்போது நியூயார்க் டைம்ஸின் மாஸ்கோ நிருபர் வால்டர் டுராண்டி. பத்து வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தவர். ஸ்டாலினை நேரில் பேட்டி எடுத்தவர். 1932-இல், அமெரிக்கப் பத்திரிகை உலகின் பெரிய விருதான புலிட்சர் பரிசும் வாங்கியாயிற்று. மாஸ்கோவில் வசதியான ஃபிளாட், கார், சமையலுக்கு ஆள். அந்த நகரத்தில் அந்த நாளில் மிகச் சிலருக்கே வாய்த்த வாழ்க்கை அது.

கேரத் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு இளைஞருக்கு அப்போது 27 வயது. கேம்பிரிட்ஜில் ரஷ்ய மொழி படித்தவர். அவருடைய அம்மா இளம் வயதில், இன்று டொனெட்ஸ்க் என்று அழைக்கப்படும் ஊரில், ஒரு தொழிலதிபர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். அந்த ஊரைப் பற்றிய கதைகளைக் கேட்டு வளர்ந்த பையன். 1933 மார்ச்சில் மாஸ்கோவிலிருந்து உக்ரைனின் கார்கிவ் நகருக்குப் போகும் ரயிலில் ஏறி, நடுவழியில் இறங்கி, முதுகுப் பையில் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாக நடந்தார். குடியானவர் வீடுகளில் படுத்துக்கொண்டார். போன இடமெல்லாம் ‘ரொட்டி இல்லை, செத்துக்கொண்டிருக்கிறோம்’ என்ற குரலைக் கேட்டதாக எழுதினார்.

ரயிலில் நடந்ததாக அவர் எழுதிய ஒரு சின்ன சம்பவத்தைப் படித்த பிறகு என்னால் மறக்க முடியவில்லை. கூடப் பயணம் செய்த ஒரு கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் பஞ்சம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று சாதிக்கிறார். ஜோன்ஸ் தான் தின்றுகொண்டிருந்த ரொட்டியின் ஓரத்தைப் பெட்டியில் இருந்த எச்சில் கலத்தில் போடுகிறார். பக்கத்தில் இருந்த ஒரு குடியானவர் உள்ளே கைவிட்டு அதை எடுத்து ஆவலோடு தின்கிறார். அடுத்து ஆரஞ்சுத் தோலைப் போடுகிறார். அதையும் எடுத்துத் தின்கிறார். மாஸ்கோவில் காரில் போய்க்கொண்டிருந்தவருக்கு இந்தக் காட்சி வாய்க்க வழியே இல்லை.

மார்ச் 29 அன்று பெர்லினில் பத்திரிகையாளர்களைக் கூட்டி ஜோன்ஸ் தான் கண்டதைச் சொன்னார். இரண்டே நாளில் டுராண்டி மறுத்து எழுதிவிட்டார்: ரஷ்யர்களுக்குப் பசி இருக்கிறது, ஆனால் பட்டினிச் சாவு இல்லை என்று. அந்தப் பஞ்சத்தில் உக்ரைனில் மட்டும் முப்பது லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள் என்பது இன்றைய வரலாற்றாசிரியர்களின் கணக்கு. மாஸ்கோவில் அப்போது இருந்த இன்னொரு அமெரிக்க நிருபர் யூஜின் லயன்ஸ், தானும் மற்றவர்களும் சேர்ந்தே ஜோன்ஸைப் பொய்யராக்கினோம் என்று பின்னாளில் எழுதினார். காரணமும் சொன்னார். பிரிட்டிஷ் பொறியாளர்கள் சிலர் மீது மாஸ்கோவில் ஒரு பெரிய வழக்கு நடக்கவிருந்தது. அதைப் பார்த்து எழுத வேண்டுமானால் தணிக்கை அதிகாரியின் தயவு வேண்டும். அலுவலகங்களில் இருந்த எடிட்டர்களும் அந்த வழக்குச் செய்திக்காகக் காத்திருந்தார்கள். அந்த நிருபர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். வாடகை, அனுமதி, அடுத்த மாதச் செய்தி என்று அவர்களுடைய அன்றாடம் முழுக்க ஒரு அதிகாரியின் மேசையில் கட்டுண்டு கிடந்தது. ஜோன்ஸுக்கு அங்கே வீடும் இல்லை, அடுத்த மாதம் அங்கே இருக்க வேண்டிய தேவையும் இல்லை. அதற்குப் பிறகு அவரை சோவியத் நாட்டுக்குள் விடவே இல்லை.

சரி, பெய்ஜிங்குக்கு வருவோம். உங்கள் பேச்சாளர் அங்கே குடியிருப்பு விசாவில் இருந்திருப்பார். ஒவ்வொரு ஆண்டும் கடைசியில் வெளியுறவு அமைச்சகத்தில் நிருபர் அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். அது கைக்கு வந்தால்தான் விசா. சாதாரணமாக ஓர் ஆண்டுக்குத் தருவார்கள். எழுதியது பிடிக்கவில்லையென்றால் சில மாதங்களுக்கு மட்டும் கொடுத்து, தொங்கலில் வைப்பதும் உண்டு. பிள்ளைகள் அங்கே பள்ளியில் படிக்கிறார்கள், வீட்டு ஒப்பந்தம் பாதியில் நிற்கிறது என்றால், டிசம்பர் மாதம் அந்தக் குடும்பத்துக்கு எப்படிக் கழியும் என்று யோசித்துப் பாருங்கள். 2012-இல் அல் ஜசீரா ஆங்கிலச் சேவையின் மெலிசா சானுக்கு விசா கிடைக்காமல் அந்த அலுவலகமே மூடப்பட்டது. 2015 முடிவில் பிரெஞ்சு நிருபர் ஊர்சுலா கோத்தியே, மேற்குச் சீனாவில் உய்குர் முஸ்லிம்கள் வாழும் ஷின்ஜியாங் பற்றி எழுதியதற்காகக் கிளம்ப வேண்டியதாயிற்று. 2020 மார்ச்சில் அமெரிக்காவும் சீனாவும் மோதிக்கொண்டதில் நியூயார்க் டைம்ஸ், வால் ஸ்ட்ரீட் ஜர்னல், வாஷிங்டன் போஸ்ட் ஆகிய மூன்று பத்திரிகைகளின் அமெரிக்க நிருபர்கள் 13 பேராவது வெளியேற நேர்ந்தது.

நம் கதை இன்னும் மோசம். 2023 தொடக்கத்தில் சீனாவில் இந்திய ஊடகங்களின் நிருபர்கள் நான்கு பேர் இருந்தார்கள். இரு நாடும் மாறி மாறி விசாவை நிறுத்தியதில், அந்த ஆண்டு நடுவிலேயே கடைசி ஆளையும் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். இந்தியாவிலும் சீன அரசு ஊடக நிருபர்களுக்கு அப்போது அதே நிலைமை. இரண்டும் சேர்ந்தால் 280 கோடி மக்கள். ஒருவரைப் பற்றி ஒருவர் தெரிந்துகொள்ள லண்டன், நியூயார்க் நிருபர்களின் கண்ணை நம்பியிருக்க வேண்டிய நிலை வந்தது. எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம். மேற்கத்திய நிருபர் சீனாவைப் பார்த்து எழுதும்போது அவர் மனதில் ஒப்பிடுவதற்கு இருப்பது அவருடைய நாடு. நம்மூரிலிருந்து போனவருக்கு ரேஷன் கடையும் ரயில்வே முன்பதிவும் அரசு மருத்துவமனை வரிசையும் மனதில் இருக்கும். அவர் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும்.

ஒரு கூட்டத்தில் இதை நேரில் பார்த்தேன். பெய்ஜிங்கிலிருந்து திரும்பிய ஒரு பெண் நிருபர் சென்னையில் பேசினார். ராஜதந்திரம், எல்லைப் பிரச்சினை என்று பெரியவர்கள் கேட்டதற்கெல்லாம் அளந்து அளந்து பதில் சொன்னார். கடைசியில் ஒரு பள்ளிக்கூடப் பையன் எழுந்து, “காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டான். அரங்கில் லேசான சிரிப்பு. அவர் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த குறிப்புத் தாளைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். அங்கே சின்ன கிளினிக்குகளில் மக்களுக்கு நம்பிக்கை குறைவு, எல்லாரும் பெரிய மருத்துவமனைக்கே ஓடுகிறார்கள். டாக்டரைப் பார்க்க முதலில் பதிவுச் சீட்டு வாங்க வேண்டும். அதற்காக விடிவதற்கு முன்னால், உறையும் குளிரில், மடக்கு நாற்காலியோடு வரிசை. வெளியூர்களிலிருந்து ரயிலில் வந்து மருத்துவமனை வாசலிலேயே படுத்திருப்பவர்கள். சீட்டை மொத்தமாக வாங்கிப் பல மடங்கு விலைக்கு விற்கும் தரகர்கள். ஒரு முதியவர் தன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றதை அவர் கையை வைத்துக் காட்டியபோது அரங்கில் சத்தமே இல்லை.

அந்தத் தரகு வியாபாரம் எவ்வளவு பெரியது என்பது 2016 ஜனவரியில் வெளியில் தெரிந்தது. பெய்ஜிங்கின் ஒரு மருத்துவமனையில், 300 யுவான் சீட்டுக்குத் தரகர்கள் 4,500 யுவான் கேட்கிறார்கள் என்று ஓர் இளம்பெண் கத்திக் குமுறிய வீடியோ நாடு முழுக்கப் பரவி, அரசு நடவடிக்கை எடுக்க வேண்டி வந்தது. சீன மருத்துவத் துறையைப் பற்றி நான் படித்த பல கட்டுரைகள் மறந்துவிட்டன. அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு வந்த பதில் மறக்கவில்லை.

வாழ்க்கை செய்தியாவதற்கு இன்னொரு உதாரணம் பெய்ஜிங்கின் காற்று. அமெரிக்கத் தூதரகம் 2008-இல் தன் கட்டடத்தில் ஒரு கருவியை வைத்து, நுண்துகள் அளவை மணிக்கு மணி ட்விட்டரில் போட ஆரம்பித்தது. 500-தான் அளவுகோலின் உச்சம். 2013 ஜனவரியில் ஒரு நாள் இரவு அது 755-ஐத் தொட்டது. நிருபர்களின் பிள்ளைகளே இருமிக்கொண்டிருந்தார்கள். பள்ளியில் வெளி விளையாட்டு நிறுத்தம், வீட்டில் அறைக்கு ஒரு காற்றுச் சுத்திகரிப்பான். உலகப் பத்திரிகைகளில் அந்தச் செய்தி அவ்வளவு விடாப்பிடியாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். அதில் ஒரு குறையும் இருக்கிறது. நிருபர் சுவாசிக்கும் காற்று செய்தியாகிவிடும். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தின் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனால், யாராவது அங்கே போனால்தான் உண்டு. பேச்சாளரிடம் இதை நேராகவே கேட்கலாம்: உங்கள் தெருவில் நடந்ததால் நீங்கள் எழுதியது எது, தூரமாக இருந்ததால் விட்டுப்போனது எது?

இனி சொல்லப்போவதுதான் என் மனதுக்கு மிக நெருக்கமான விஷயம். எந்த வெளிநாட்டு நிருபரும் தனியாக வேலை செய்வதில்லை. போன் எண் தேடுவது, நேரம் வாங்குவது, மொழிபெயர்ப்பது, எந்தச் சாலையில் போகலாம் எதில் போகக்கூடாது என்று சொல்வது எல்லாம் உள்ளூர் ஆள். போர் நடக்கும் நாடுகளில் ‘ஃபிக்ஸர்’ என்பார்கள். சீனாவில் ‘செய்தி உதவியாளர்’. சீனக் குடிமக்கள் வெளிநாட்டு ஊடகத்துக்கு நிருபராக வேலை செய்ய அங்கே அனுமதி கிடையாது. உதவியாளராகத்தான் இருக்கலாம், அதுவும் அரசு அமைப்பு ஒன்றின் வழியாகத்தான் வேலைக்கு எடுக்க வேண்டும். செய்தியை எழுதியவர் பெயரைப் போடும் ‘பைலைன்’ வரியில் பெரும்பாலும் அவர்கள் பெயர் வராது. ஆபத்து வந்தால் நிருபருக்கு விமானம் உண்டு, அவர்களுக்குக் கிடையாது. நியூயார்க் டைம்ஸின் பெய்ஜிங் அலுவலகத்தில் வேலை செய்த ஜாவ் யான் 2004-இல் கைதாகி மூன்று ஆண்டுகள் சிறையில் இருந்தார். ப்ளூம்பெர்கின் பெய்ஜிங் அலுவலகத்தில் இருந்த சீனப் பெண் ஹேஸ் ஃபான் 2020 டிசம்பரில் பிடித்துச் செல்லப்பட்டு ஓராண்டுக்கு மேல் காவலில் இருந்தார். ஆப்கானிஸ்தானில் 2007-இல் ஓர் இத்தாலிய நிருபரையும் அவருடைய உதவியாளர் அஜ்மல் நக்‌ஷ்பந்தியையும் தாலிபான்கள் கடத்தினார்கள். கைதிகள் சிலரை விடுவித்து இத்தாலியரை மீட்டுக்கொண்டார்கள். அஜ்மல் கொல்லப்பட்டார்.

ஆகவே உங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள்: “உங்களோடு வேலை செய்த உள்ளூர்க்காரர்கள் என்ன செய்தார்கள், அவர்கள் இல்லாமல் எதை நீங்கள் தெரிந்துகொண்டிருக்க முடியாது?” பேர் சொல்லச் சொல்லாதீர்கள். நல்ல நிருபராக இருந்தால் அவரும் சொல்லமாட்டார். ஆனால் பேச்சாளரின் தரம் இந்த ஒரு பதிலில் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் தானே பார்த்து, தானே புரிந்துகொண்ட மாதிரி பேசுகிறவரிடம் நான் கொஞ்சம் கவனமாக இருப்பேன். “அதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே என் உதவியாளர்தான்” என்று ஆரம்பிப்பவர் சொல்வதை முழு மனதோடு கேட்பேன்.

கவனிக்க இன்னும் சில உண்டு. ‘சீனர்கள் இப்படித்தான்’ என்று மொத்தமாகப் பேசுகிறாரா, அல்லது எந்த ஊர், எந்த வயது, என்ன வேலை செய்கிறவர் என்று பிரித்துச் சொல்கிறாரா? மொழி எவ்வளவு தெரியும்? சரளமாகத் தெரியாவிட்டால் குற்றமில்லை, எத்தனையோ நல்ல நிருபர்கள் துணை வைத்துக்கொண்டே வேலை பார்த்திருக்கிறார்கள். அதை ஒளிக்காமல் சொல்கிறாரா என்பதுதான் கேள்வி. டாக்ஸி டிரைவர் சொன்னதாக அடிக்கடி வருகிறதா? விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்குப் போகும் வழியில் ஒரு நாட்டைப் புரிந்துகொண்ட கட்டுரைகள் டெஸ்க்கில் என் கைக்கு நிறைய வந்திருக்கின்றன. ‘இது நான் பார்த்தது, இது கேள்விப்பட்டது’ என்று பிரித்துச் சொல்கிறவர் கிடைத்தால் குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள்.

நேர வித்தியாசத்தைப் பற்றியும் கேளுங்கள், சுவாரசியமான பதில் வரும். பெய்ஜிங் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். சென்னையில் நள்ளிரவில் நகரப் பதிப்பு முடிகிறது என்றால் அங்கே இரண்டரை மணி. டெஸ்க்கிலிருந்து “இந்த வரியில் ஒரு சந்தேகம்” என்று போன் போகும்போது அவர் வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். வாஷிங்டன் நிருபருக்கு வேறு தொல்லை. கோடைக்காலத்தில் நம் நள்ளிரவு அவருக்குப் பிற்பகல் இரண்டரை மணி. அதற்குப் பிறகு வெள்ளை மாளிகையில் எது நடந்தாலும் மறுநாள் காலை நம் பேப்பரில் இருக்காது.

கேட்கக் கூடாதவை என்று சில இருக்கின்றன. ‘போர் வருமா?’ என்று கேட்காதீர்கள். அவர் ஜோசியர் இல்லை, அந்தப் பதிலால் யாருக்கும் பயனும் இல்லை. கேள்வி என்ற பெயரில் ஐந்து நிமிடம் சொந்தக் கருத்துப் பேசுவது நம்மூர்க் கூட்டங்களின் தீராத நோய். ஒரு வரியில் கேட்டுவிட்டு உட்காருங்கள். “இதை வெளியில் சொல்ல வேண்டாம்” என்று அவர் சொன்னால் போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். அவர் இங்கே பாதுகாப்பாக இருக்கலாம், அவர் சொல்லும் கதையில் வரும் ஆள் இன்னும் அங்கேயே இருக்கிறார். ஒரு கூட்டம் நடத்தியதற்காகவே விசாவை இழந்தவரும் உண்டு. 2018 ஆகஸ்டில் ஹாங்காங் வெளிநாட்டு நிருபர்கள் மன்றம், சீன அரசு எதிர்த்தும் கேட்காமல், ஹாங்காங் விடுதலை பேசிய ஒரு கட்சித் தலைவரைப் பேச அழைத்தது. தலைமை தாங்கியவர் ஃபைனான்ஷியல் டைம்ஸின் விக்டர் மாலெட். அக்டோபரில் அவருடைய விசா புதுப்பிக்கப்படவில்லை.

தமிழ் வாசகர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. 2009-இல் வன்னியில் நடந்ததை நேரில் பார்க்க நிருபர்களைச் சுதந்திரமாக உள்ளே விடவில்லை. வவுனியா முகாம்களின் நிலையைப் பற்றிச் செய்தி அனுப்பிய சேனல் 4 நிருபர் நிக் பேட்டன் வால்ஷையும் குழுவையும் அந்த மே மாதமே நாடு கடத்தினார்கள். அதற்கு எட்டு வருடம் முன்பு, அரசு அனுமதியில்லாமல் வன்னிக்குள் போய்த் திரும்பும்போதுதான் லண்டன் சண்டே டைம்ஸ் நிருபர் மேரி கோல்வின் இடது கண்ணை இழந்தார். யாருக்கு உள்ளே போக அனுமதி, யாருக்கு இல்லை என்பது ஒரு மக்கள் கூட்டத்தின் கதையையே மாற்றிவிடும் என்று நமக்குத் தெரியும். அதனால் பேச்சாளரிடம், “எந்த ஊருக்குப் போக முயன்று உங்களால் போக முடியவில்லை?” என்றும் தயங்காமல் கேளுங்கள். சீனாவில் 2007 வரை பெய்ஜிங்கை விட்டு வெளியே செய்தி சேகரிக்கப் போக முன் அனுமதி வேண்டியிருந்தது. ஒலிம்பிக்கை ஒட்டி அதைத் தளர்த்தினார்கள், திபெத்துக்கு மட்டும் இன்றும் தனி அனுமதி தேவை. ஷின்ஜியாங் போன்ற இடங்களில் காகிதத்தில் தடை இருக்காது, பின்னாலேயே ஒரு கார் வரும்.

போவதற்கு முன்னால் அவர் எழுதிய செய்திகள் இரண்டு மூன்றைத் தேடிப் படித்துவிடுங்கள். “நீங்கள் எழுதிய இந்தச் செய்தியில் ஒரு தொழிலாளியைப் பற்றி வருகிறதே, அவரை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?” என்று கேட்டால் எந்த நிருபரும் மனம் திறந்துவிடுவார். பொதுவான கேள்விக்குப் பொதுவான பதில்தான் வரும். அப்புறம், கூட்டம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். மேடையில் சொல்லாததைத் தேநீர் வேளையில் சொல்வார்கள்.

மகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். சம்பளம், வேலை நிலைமை பற்றி அவளே கேட்கட்டும், அதில் தவறே இல்லை. வெளிநாட்டில் முழு நேர நிருபர் வைத்திருக்கும் இந்தியப் பத்திரிகைகள் கொஞ்சம்தான், அந்த இடங்களும் குறைந்துகொண்டே வருகின்றன. ஒரு கட்டுரைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, காப்பீடும் விமானச் செலவும் தன் கையிலிருந்து போட்டு வேலை செய்யும் ‘ஸ்ட்ரிங்கர்’கள்தான் இன்று உலகம் முழுக்க அதிகம். இது தெரிந்த பிறகும் அவளுக்கு ஆசை இருந்தால், இப்போதே ஓர் அயல் மொழியை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். சீனமோ அரபியோ ரஷ்யமோ, ஏதாவது ஒன்று, பள்ளிக்கூடத்து வயதில் தொடங்கினால் நன்றாக ஒட்டும். பத்திரிகைத் தொழிலை ஓராண்டுப் படிப்பில் கற்றுக்கொள்ளலாம், மொழிக்கு அப்படிக் குறுக்கு வழி இல்லை. எந்த மொழியில் தொடங்கலாம், எத்தனை நாளில் சந்தைக்குப் போய்ப் பேரம் பேசும் அளவுக்கு வந்தது என்று அந்த நிருபரிடமே அவளைக் கேட்கச் சொல்லுங்கள்.